ஏணியில் மாட்டிய ஜிக்

சீடர் பிளஃப், அலபாமா
ஞாயிறு, ஜூன் 28, 1998

அன்புள்ள ஹாய்ட்டுக்கு,

லைமன் எழுதுவது. நெஞ்சில் போட்ட தையல் நன்றாக ஆறிவருகிறது என்றும், உன் மகள் வீட்டு நடைவழியில் கைத்தடி இல்லாமல் காலையில் இருபது தடவை போய்வருகிறாய் என்றும் வெர்னா சொன்னாள். கேட்டதும் மனம் லேசாயிற்று. இன்று தேவாலயத்தில் உனக்காக இரண்டாவது முறையாக ஜெபம் செய்தார்கள். நான் வீட்டுக்கு வந்து, குளிர்ந்த தேநீரை மேசையில் வைத்துவிட்டு, அதைக் குடிக்காமலே இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நாளைக் காலை அவசரத் தபாலில் அனுப்பினால் செவ்வாய்க்கிழமை பென்சகோலாவில் உன் கையில் இருக்கும். உறைக்குள் ஒரு சின்னப் பொட்டலமும் வைத்திருக்கிறேன். புதுத் தூண்டில் ஜிக் என்று நினைத்து முதலில் அதைப் பிரித்துவிடாதே. கடிதத்தைக் கடைசி வரி வரை படித்தபின் பிரி. உட்கார்ந்து படி. வெர்னாவும் பக்கத்தில் இருக்கட்டும்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகிவிடக்கூடாதே என்றுதான் எழுதுகிறேன். உன் படகு மேடையைச் சுற்றியுள்ள தண்ணீரில் மின்சாரம் கசிகிறது என்று நினைக்கிறேன். வரும் சனிக்கிழமை, ஜூலை நாலாம் தேதி, உன் சுதந்திர தின விருந்தில் உன் பேரப்பிள்ளைகள் பதினொரு பேரும் அந்தத் தண்ணீரில்தான் குதிக்கப்போகிறார்கள்.

எனக்குக் கோர்வையாகப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். அதனால் சொல்ல வேண்டியவற்றை வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. நீ கேட்ட ஜிக் விவரம்.
2. உன் மேடைக்கு அடியில் மட்டும் மீன் ஏன் கடிக்கவில்லை.
3. வெள்ளிக்கிழமை காலை என் கைக்கு நடந்தது.
4. நான் டெரலிடம் சொன்னதும் அவன் சொன்ன பதிலும்.
5. ஏப்ரலில் நீ விளக்கு மாட்டியபோது நான் எதையும் பார்க்கவில்லை என்பது.
6. நீ செய்ய வேண்டியது.

இந்த ஆறில் ஏதாவது ஒன்று தவறாக இருக்கலாம். இரண்டாவதாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. எழுதிக்கொண்டே போகும்போது தெரிந்தால் கடைசியில் சொல்லிவிடுகிறேன்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதற்காகத்தான் கூப்பிட்டேன். வெர்னா எடுத்தாள். “அவரு மனசு பதறக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு லைமன், நல்ல சேதியா மட்டும் சொல்லுங்க” என்று சொல்லித்தான் உன்னிடம் கொடுத்தாள். நீ எடுத்த எடுப்பில் என் பட்டப்பெயரைச் சொல்லி, “டேய் மாத்திரை, என் மேடைக்கு அடியில மீனு என்னத்தடா கடிக்குது இப்ப? கருப்பும் பச்சமஞ்சளுமா? இங்க என்னை டிவி முன்னாடி கட்டிப் போட்டிருக்காங்கடா. ஜிக்கு பேரையாவது சொல்லு, கேட்டுட்டாவது உயிரோட இருக்கேன்” என்றாய். நான் என்ன சொன்னேன்? விவரமாக எழுதி அனுப்புகிறேன் என்றேன். அத்தோடு ரிசீவரை வைத்துவிட்டேன். ஐம்பது வருடமாக நீ பேசுகிறாய், நான் சரி என்கிறேன். அதனால்தான் கடிதம். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

ஆக, முதலில் ஜிக். இதைத் தாண்டிப் போய்விடாதே, மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

ஏரியின் நம் வளைவில் இருக்கும் ஏழு மேடைகளிலும் மே மாதம் பத்தாம் தேதியிலிருந்து ஒரே முறையில் தூண்டில் போட்டுக் குறித்துவந்தேன். வெயில் ஏற ஏறக் கிராப்பி மீன் மேடையின் இருட்டான மூலைக்குள் போய்விடுகிறது. ஜிக்கும் அந்த மூலைக்கே போக வேண்டும். முன்விளிம்பில் விழுந்தால் பயனில்லை. ஜிக்கை விரல்நுனியில் பிடித்து, தூண்டில் கோலை வில்லாக வளைத்து, தண்ணீரை ஒட்டி விட்டால் பலகைக்கும் நீருக்கும் இடையில் தத்தித் தத்திப் போய் விழுகிறது. இதற்குத் தட்டையான கெட்டி ரப்பர் உடல்தான் சரி. குஞ்சம் வைத்த குழாய் உடல் காற்றைப் பிடித்துக்கொண்டு பாதியிலேயே விழுந்துவிடுகிறது. ஈயத் தலைக்குப் பின்னால் சின்ன முள் கழுத்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இழுத்து விடும்போது ரப்பர் உருவிக்கொண்டு வருகிறது. நான் ஒரு சொட்டுப் பசையும் வைக்கிறேன். நீ சிரிப்பாய்.

எடை அவுன்சில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. அதைப்போல் இருமடங்கு எடை விடுவதற்குச் சுலபம், ஆனால் மீனின் மூக்கைக் கடந்து கீழே போய்விடுகிறது. கிராப்பி மேலே பார்த்துத்தான் தின்னும். சின்ன ஜிக் நாலடி இறங்க எட்டு எண்ண வேண்டியிருக்கிறது. நான் எண்ணுவேன். “எண்ணிக்கிட்டே இருடா, அதுக்குள்ள மீனு காலேஜ் முடிச்சிட்டுப் போயிடும்” என்று நீ சொன்னது ஒவ்வொரு தடவையும் காதில் கேட்கிறது.

நிறம், மழை பெய்து ஏரி பால் விட்ட தேநீர்போல் ஆனால் உன் கருப்பும் பச்சைமஞ்சளும். தெளிந்திருந்தால் முத்து வெள்ளை அல்லது புகைச் சாம்பல். இதில் நீ சொன்னதுதான் சரி, நான் சொன்ன இளஞ்சிவப்பு எந்த மேடையிலும் எடுபடவில்லை.

வடகரையில் வில்லோ மரங்கள் நீரைத் தொடுகிற இடத்தில் ஜிக்கைத் தத்தவிடுவது வேலைக்காகாது. அங்கே பத்தடிக் கோலில் ஒரு முழம் தூண்டில் நரம்பு விட்டு, கிளைகளின் இடுக்கில் நேர் கீழாக இறக்க வேண்டும். கொக்கிக்கு முன்னால் கம்பிக் காவல் வைத்த ஜிக் இருந்தால் இலையில் சிக்காது. இறக்கிவிட்டு அசைக்கக்கூடாது. என் கை நடுக்கமே போதும் என்று ஆகிவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த நடுக்கத்தால் ஒரு பிரயோசனம்.

கொக்கி மெல்லிய கம்பியாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. மரக்கிளையிலோ கயிற்றிலோ மாட்டினால் இழுத்ததும் நிமிர்ந்துகொண்டு வந்துவிடும். விரலால் மறுபடி வளைத்துக்கொள்ளலாம். உனக்குத் தடிக் கொக்கிதான் பிடிக்கும். மருத்துவமனைக்குப் போகும் முன் உன் பெட்டியிலிருந்து ஆறு தடிக் கொக்கி ஜிக்குகளை எடுத்துக் கொடுத்து, “ஆம்பளை மாதிரி மீன் புடிடா” என்று சொன்னாயே, அவற்றில் ஒன்றைத்தான் வெள்ளிக்கிழமை கட்டியிருந்தேன். அதற்கு வருகிறேன்.

இரண்டாவது. உன் மேடைதான் எப்போதும் ராஜா. மீன் தங்குவதற்காக ஜனவரியில் நாம் கல்லைக் கட்டி இறக்கிய கிறிஸ்துமஸ் மரங்கள் அதன் அடியில் கிடக்கின்றன. ஏப்ரலில் மீனை இழுக்கத் தண்ணீருக்குள் உன் பச்சை விளக்கைப் போட்டபிறகு குஞ்சு மீன்கள் புகைபோலத் திரண்டன. அந்த மாதம் உன் மேடையில் மட்டும் நாற்பத்தொரு கிராப்பி. மே மூன்றாம் வாரத்திலிருந்து ஒன்றுகூட இல்லை. மற்ற ஆறு மேடைகளிலும் அதே ஜிக், அதே எடை, அதே எண்ணிக்கை, மீன் வருகிறது. உன்னுடையதில் பத்தொன்பது விதமாக மாற்றிப் பார்த்தேன். தலையை மாற்றினேன், உடலை மாற்றினேன், நரம்பை மெல்லியதாக்கினேன், முடிச்சைக் கொக்கிக் கண்ணின் மேல்பக்கத்துக்குத் தள்ளி ஜிக் படுக்கையாகத் தொங்குகிறதா என்று வாளியில் விட்டுப் பார்த்தேன். பிழை என்னிடம்தான் என்று நினைத்தேன். எப்போதும் அப்படித்தானே நினைப்பேன். உன் மேடைக்கு மீனே வரவில்லை என்ற எண்ணம் ஆறு வாரம் எனக்குத் தோன்றவே இல்லை.

மீனுக்குத் தண்ணீரில் மின்சாரம் தெரியுமா, தெரிந்தால் விலகிப் போகுமா, எனக்கு நிச்சயமாகத் தெரியாது. நான் மருந்துக்கடைக்காரன். ஆனால் இன்னொன்றும் பார்த்தேன். பக்கத்து வீட்டு பிஸ்கட் என்கிற நாய், உன் மேடையிலிருந்து தினமும் குதிக்குமே, இரண்டு வாரத்துக்கு முன் குதித்த வேகத்தில் வீறிட்டுக்கொண்டு கரைக்கு நீந்திப் போனது. அதன்பிறகு பலகை நுனிவரை வந்து நின்று முனகுகிறது. இறங்குவதில்லை. ஆமை கடித்திருக்கும் என்றார்கள். நானும் தலையை ஆட்டினேன்.

மூன்றாவது, வெள்ளிக்கிழமை. காலை ஏழரை மணி, காற்றில்லை. உன் தடிக் கொக்கி ஜிக்கை உன் மேடையின் இடது மூலைக்கு விட்டேன். தத்திப் போய் அலுமினிய ஏணியின் கீழ்ப்படியில் மாட்டிக்கொண்டது. என்னுடைய மெல்லிய கொக்கியாக இருந்தால் இழுத்ததும் வந்திருக்கும். இது வரவில்லை. நரம்பை அறுக்க மனம் வரவில்லை, நீ கொடுத்தது. படகை ஏணிப் பக்கம் கொண்டுபோய், இடது கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு வலது கையைத் தண்ணீருக்குள் விட்டேன்.

என் விரல்கள் தாமாக மூடிக்கொண்டன, ஹாய்ட். வலி என்று சொல்ல முடியாது. தோள்வரை ஆயிரம் எறும்பு ஏறியதுபோல் ஒரு கடுகடுப்பு. ஏணியை விட வேண்டும் என்று நினைக்கிறேன், கை விடமாட்டேன் என்கிறது. அந்த நேரத்தில் நீ கடந்துபோன படகின் அலை ஒன்று வந்து என் படகைத் தள்ளியது. அதனால்தான் கை பிரிந்தது. நான் பிரிக்கவில்லை.

(மேலே ‘நீ கடந்துபோன’ என்று எழுதிவிட்டேன். கடந்துபோனது யாரோ ஒருவரின் படகு. ஏரியில் எந்தப் படகு போனாலும் நீதான் என்று நினைக்கிற பழக்கம்.)

மாரடைப்பாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். உனக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது என்று படகில் படுத்து நாடியை எண்ணினேன். நாடி வேகமாக இருந்தது, ஒழுங்காக இருந்தது. பிறகு மற்ற ஆறு மேடைகளுக்கும் போய் அதேபோல் ஒரு கை ஏணியில், ஒரு கை நீரில் வைத்துப் பார்த்தேன். எங்கும் ஒன்றுமில்லை. உன் மேடைக்குத் திரும்பி வந்து, ஏணியைத் தொட்டபடி ஒரே ஒரு விரலை நீரில், ஒரு நொடி மட்டும். மறுபடி எறும்பு. மூன்றாவது தடவை வைக்க எனக்குத் தைரியம் இல்லை. அந்த ஜிக் இப்போதும் அந்தப் படியில்தான் இருக்கிறது.

உன் படகுக் கொட்டகைப் பலகை இடுக்கில் எட்டிப் பார்த்தேன். விளக்கின் சுவிட்ச் மேலே ஏறி, போட்டபடியே நிற்கிறது. மஞ்சள் வயர் தரை ஓட்டை வழியாகத் தண்ணீருக்குள் போகிறது. விளக்கு எரியவில்லை. நீ பல்பை வைத்து மூடிய ஊறுகாய் ஜாடிக்குள் தண்ணீர் புகுந்திருக்கும் என்று நினைக்கிறேன். பல்பு செத்துவிட்டது, வயர் சாகவில்லை.

நாலாவது, டெரல். கொட்டகைச் சாவி உன் மகனிடம்தான் இருக்கிறது. தூண்டில் இரை விற்கும் மோஸலின் கடையில் அவனைப் பிடித்தேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அங்கே நாலு பேர் இருந்தார்கள், எனக்கு வார்த்தை தடுமாறியது. சொல்லி முடிப்பதற்குள் அவன் சிரித்துவிட்டான்.

“லைமன் மாமா, மேடைக்கு அடியில மீன் கடிக்கலைன்னா ஜிக்கு சரியில்லைன்னு சொல்லுவாங்க, காத்து சரியில்லைன்னு சொல்லுவாங்க. ஏரியிலயே கரண்ட்டுன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான்” என்றான்.

மோஸல், “சும்மா இருடா, பெரிய மனுஷன் சொல்றாரு, போய்ப் பாரேன்” என்று அதட்டினாள். அவன் வந்தான், அதைச் சொல்ல வேண்டும். மேடைப் பலகையில் மண்டியிட்டு, முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டு, என்னைப் பார்த்துக்கொண்டே துழாவினான். “எங்க கரண்ட்டு? குளுகுளுன்னு இருக்கு. அந்த பல்பு செத்து ஒரு மாசமாச்சு மாமா. எரியாத பல்புலேருந்து எங்க வரும்?” என்றான்.

அந்த இடத்தில் நான் என் கையையே சந்தேகப்பட்டேன். வீட்டுக்கு வந்து பாதி ராச்சாப்பாட்டைத் தின்ற பிறகுதான் புரிந்தது. அவன் காய்ந்த பலகையில் இருந்தான், ஒரு கையைத்தான் நனைத்தான். ஏணியைத் தொடவில்லை. மின்சாரத்துக்கு உள்ளே வர ஓரிடமும் வெளியே போக ஓரிடமும் வேண்டும். தண்ணீருக்குள் இருந்துகொண்டு ஏணியைப் பிடிக்கிறவனுக்குத்தான் அது கிடைக்கும். உன் பேரப்பிள்ளைகள் தண்ணீருக்குள் இருந்துகொண்டு ஏணியைப் பிடித்துத்தான் ஏறுவார்கள். போன வருடம் உன் பேத்தி ஜூனி அந்த ஏணியில் எத்தனை தடவை ஏறினாள் என்று நான் எண்ணினேன், முப்பத்தேழு. அப்போது அவளுக்கு ஐந்து வயது.

மறுபடி டெரலின் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னேன். விளக்கின் பிளக்கை மட்டும் பிடுங்கிவிடு என்றேன். அவன் முகம் மாறிவிட்டது. “நான் வர்ற வரைக்கும் கொட்டகையில ஒரு ஆணியக்கூட யாரும் தொடக்கூடாதுன்னு அப்பா சொல்லிட்டுப் போயிருக்காரு. போன வருஷம் யாரோ கொட்டகை ஃப்ரீசரப் புடுங்கி விட்டு மீனு பூராவும் நாறிப்போச்சே, அதுக்கப்புறம் என்கூட ஆறு மாசம் பேசல தெரியுமா உங்களுக்கு? சாவி என்கிட்ட இருக்கறதே அவரு நம்பித்தான்” என்றான். கதவைச் சாத்தும் முன், “அப்பாகிட்ட போய்ச் சொல்லிப் பதற வைக்காதீங்க. அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் காரணம்” என்றான். அவன் கெட்டவன் இல்லை. உனக்குப் பயந்தவன். எனக்கு அந்தப் பயம் தெரியும்.

ஏணியில் ஓர் அட்டையை எழுதிக் கட்டினேன், இறங்க வேண்டாம் என்று. நேற்று மதியம் போனபோது அது மோஸலின் கடைச் சுவரில் ஒட்டியிருந்தது. அடியில் யாரோ ‘மீன்களுக்கும் இதைப் படித்துக் காட்டவும்’ என்று எழுதியிருந்தார்கள். மின் வேலைக்காரர் ஒருவரைக் கேட்டேன். சொந்தக்காரர் சொல்லாமல் பூட்டிய கொட்டகைக்குள் போகமாட்டேன் என்றார். அது நியாயம்தான்.

ஒன்பது வருடத்துக்கு முன் தெற்கு வளைவில் ஒரு பையன் மேடைக்குப் பக்கத்திலேயே மூழ்கிப்போனானே, உனக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூடத்து நீச்சல் அணியில் இருந்தவன். தசை பிடித்துக்கொண்டது என்றார்கள். நாம் இருவரும் இறுதிச் சடங்குக்குப் போனோம். ஏணி அவன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது என்று அவன் அப்பா சொல்லிச் சொல்லி அழுதார். அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, தெரிந்ததுபோல் எழுதவும் கூடாது. ஆனால் வெள்ளிக்கிழமையிலிருந்து அந்த வாக்கியம் என்னை விடவில்லை.

ஐந்தாவது. இதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஏப்ரல் பதினெட்டாம் தேதி நீ கொட்டகைக்குள் குனிந்து அந்த விளக்கைப் பூட்டினாய். வெர்னாவின் ஊறுகாய் ஜாடி, பச்சைப் பல்பு, மூடியைச் சுற்றிக் குளியலறைப் பசை, அதன்மேல் கூரைத் தார். நான் வாசலில் உனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஜிக்குகளை எடைவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். உள்ளே நீ என்ன செய்தாய் என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஆறாவது, நீ செய்ய வேண்டியது. இதைப் படித்து முடித்ததும் டெரலைக் கூப்பிடு. வீட்டுக்குள் இருக்கிற பெரிய மின்சாரப் பெட்டியில் கொட்டகைக்குப் போகும் மின்சாரம் முழுவதையும் நிறுத்தச் சொல். அதன்பிறகுதான் கொட்டகைக்குள் போக வேண்டும். ஃப்ரீசரில் இருக்கிற மீனைப் பற்றிக் கவலைப்படாதே. என் வீட்டு ஃப்ரீசரைக் காலிசெய்து வைத்திருக்கிறேன். மோஸலும் பாதியை வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்றாள். நூற்றிருபது பேருக்கு மீன் வறுபடும், சோளமாவு உருண்டையும் வேகும், ஒன்றும் குறையாது. மின் வேலைக்காரர் வந்து பார்த்துச் சரி என்று சொல்லும்வரை ஒரு பிள்ளையும் உன் மேடைக்குப் பக்கத்தில் இறங்கக்கூடாது. பிள்ளைகள் தண்ணீரில் துரத்திப் பிடிக்கிற கொழுப்புத் தடவிய தர்பூசணியை இந்த ஒரு வருடம் புல்வெளியில் உருட்டிவிடு. பிள்ளைகள் சிணுங்கும். சிணுங்கட்டும்.

உன் குடும்பத்தில் உன் சொல்லைத் தவிர வேறு சொல் ஏறாது. அதற்காகத்தான் உன் நெஞ்சின் தையலையும் தெரிந்தே, வெர்னா சொன்னதையும் மீறி உனக்கு எழுதுகிறேன். இந்த இரண்டு பயத்தையும் என் பழைய கடைத் தராசில் வைப்பதுபோல் மூன்று நாள் வைத்துப் பார்த்தேன். உன் இதயத்தைச் சரிசெய்ய டாக்டர்கள் இருக்கிறார்கள்.

நீ வீடு திரும்பும் வியாழக்கிழமை மதியத்துக்குள் உன்னிடமிருந்து தகவல் வராவிட்டால் நான் செய்யப்போவதையும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை விடிந்ததும் என் படகை உன் ஏணியோடு குறுக்காகக் கட்டிப் போட்டுவிட்டு அதில் உட்கார்ந்துகொள்வேன். டெரல் கத்துவான். வந்த விருந்தாளிகள் எல்லாம் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். நீ உன் மேடைமேல் நின்று, “டேய் மாத்திரை, உனக்கு மூளை கலங்கிப் போச்சாடா?” என்று நூற்றிருபது பேருக்கு முன்னால் கேட்பாய். நான் பதில் சொல்ல மாட்டேன், எனக்கு வராது. ஆனால் எழுந்து போகவும் மாட்டேன்.

இதுவரை எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தேன். கடையில் மருந்து கொடுக்கும் முன் சீட்டை மறுபடி படிப்பேனே, அதுபோல. குடிக்காத தேநீரில் ஓர் ஈ விழுந்து கிடக்கிறது. ஆறு விஷயத்தில் ஒன்று தவறு. நான் நினைத்ததுபோல் இரண்டாவது இல்லை.

ஐந்தாவது தவறு, ஹாய்ட்.

நான் முதுகைக் காட்டி உட்காரவில்லை. உனக்கு எதிரே, வயரின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிளக்கில் மூன்று பற்கள் இருந்தன, உன் கொட்டகைச் சுவரில் இரண்டு ஓட்டைதான். நீ குறடை எடுத்தாய். “இந்த மூணாவது பல்லு எதுக்குடா? அலங்காரத்துக்கு வெச்சிருக்கான்” என்றாய். அது எதற்கு என்று எனக்குத் தெரியும். வயரில் ஏதாவது கெட்டுப்போனால் மின்சாரம் மனிதன் வழியாகப் போகாமல் மண்ணுக்குள் போவதற்கு. வாயைத் திறந்தேன். நீ என்னைப் பார்த்து, “வந்துட்டாருடா டாக்டரு, என்ன, சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?” என்றாய். நானும் சிரித்துவிட்டேன். குறடு கடித்தது. அந்த மூன்றாவது பல் தெறித்துத் தரையில் விழுந்தது.

நாற்பத்தொரு வருடம் சீட்டில் அளவு தப்பாக இருந்தால் எந்த டாக்டராக இருந்தாலும் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறேன். எத்தனை பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். ஒரு தடவையும் கேட்காமல் கொடுத்ததில்லை. உன் முன்னால் மட்டும், நீ சிரிப்பாய் என்பதற்காகக் கொடுத்துவிட்டேன்.

கீழே விழுந்ததை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். ஏன் என்று தெரியாது, எதையும் எறிய எனக்கு மனம் வராது. அன்றிலிருந்து என் ஜிக் பெட்டியில், முப்பத்திரண்டில் ஒரு பங்கு ஜிக்குகள் இருக்கும் அறையில் அது கிடந்தது. தினமும் அதைத் தள்ளிவிட்டுத்தான் ஜிக் எடுத்தேன்.

இப்போது பொட்டலத்தைப் பிரி. அதை உன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு டெரலைக் கூப்பிடு.

கர்த்தர் உன்னையும் வெர்னாவையும், மாரில் ஒரு தையலும் பிரியாமல், வியாழக்கிழமை வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும். ஜூனியின் கை அந்த ஏணியில் படுவதற்கு முன் உன் போன் வரட்டும்.

அன்றைக்கு வாய் திறக்காத உன் நண்பன்,
லைமன் டீக்